பச்சிலை காப்பாற்றவில்லை, நாய்க்கு வெறி இல்லை

ஆரணியில் பட்டுத் தறிக்காரர்கள் வாழும் தெருக்களில் விடிகாலையில் பாவு நீட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். தெரு நீளத்துக்கு நூலை இழுத்துக் கட்டி, பெரியவர்கள் அறுந்த இழைகளைப் பிணைத்துக்கொண்டு நகர்வார்கள். பிள்ளைகள் திண்ணை ஓரத்தில் நாய்க்குட்டிகளோடு விளையாடுவார்கள். அப்படி விளையாடிய நான்காம் வகுப்புப் பையன் ஒருவனைக் குட்டி ஒன்று கெண்டைக்காலில் கவ்விவிட்டது. இரண்டு பல் நன்றாக இறங்கியிருந்தது. பாட்டி என்ன செய்தார் தெரியுமா? மிளகாய்த்தூளை நல்லெண்ணெயில் குழைத்துக் காயத்தின் மேல் அப்பினார். பையன் அலறிய அலறலில் பாவு வேலையே நின்றது. பிறகு பைக்கில் நடுவில் உட்காரவைத்து, ஊருக்கு வெளியே பச்சிலை கொடுக்கிறவரிடம் கொண்டுபோனார்கள். உப்பில்லாத பத்தியம், நெற்றியில் திருநீறு, கையில் கயிறு. எல்லாம் முடிந்து நிம்மதியாக வீடு திரும்பினார்கள்.

“ஏம்மா, ஜிஎச்சுக்குப் போகலையா?” என்று கேட்டேன்.

“நீ பயப்படாத தம்பி. எங்க மாமனாரை வெறிநாயே கடிச்சுது. இதே பச்சிலைதான். எண்பது வயசு வரைக்கும் இருந்தாரு” என்றார் அந்த அம்மா. பக்கத்தில் நின்ற நாலு பேர் தலையாட்டினார்கள். அதில் ஒருவர் பட்டப் படிப்புப் படித்தவர். “ஊசியெல்லாம் கம்பெனிக்காரன் வியாபாரம் சார்” என்று அவர்தான் எடுத்துக் கொடுத்தார். நாள் கடத்தி, கெஞ்சி, சண்டை போட்டு, கடைசியில் பையனை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியிருந்தது.

எண்பது வயது வரை இருந்த மாமனார்கள் தமிழ்நாடு முழுக்க இருக்கிறார்கள். நாய்க்கடி என்று பேச்செடுத்தால் போதும், வீட்டுக்கு ஒரு மாமனார் வெளியே வருவார். கேட்கிறேன்: அவரைக் கடித்த நாய்க்கு வெறி இருந்தது என்று யார் சோதித்தது? வாயில் எச்சில் ஒழுகினாலும் வெறிநாய், துரத்தினாலும் வெறிநாய், கறுப்பாக இருந்தாலும் வெறிநாய் என்று முடிவுகட்டியது யார்? கடிக்கிற நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு ரேபிஸ் கிடையாது. உண்மையிலேயே வெறி பிடித்த நாய் கடித்தாலும், கடிபட்ட எல்லோருக்கும் நோய் வருவதில்லை. எச்சில் எவ்வளவு இறங்கியது, எந்த இடத்தில் கடித்தது, வேட்டி மேல் கடித்ததா வெறுங்காலில் கடித்ததா என்பதையெல்லாம் பொறுத்தது அது. மழையே பெய்யாத நாளில் குடை பிடித்துப் போனவன், நனையாததற்குக் குடைக்காரருக்கு நன்றி சொன்ன கதைதான் இந்த மாமனார் கதை. நாயிடம் நோய் இல்லை, பெயர் பச்சிலைக்கு. நாயிடம் நோய் இருந்து ஆள் செத்துப்போனால்? “பத்தியம் தவறிட்டாரு” என்று பழி செத்தவர் தலையில். பிழைத்தால் மருந்தின் மகிமை, செத்தால் நோயாளியின் குற்றம். இப்படி ஒரு மருந்து எப்போதாவது தோற்குமா?

இந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் நினைவுக்கு வருகிறார். 1902-ல் சென்னை மாகாணத்தில் வெறிநாய்க்கடி நோயால் செத்துப்போன இளம் ஆங்கிலேயப் பெண். ஆட்சி செய்கிற இனத்தைச் சேர்ந்தவர். அவர் காலத்தில் இந்த நாட்டில் வெறிநாய்க்கடிக்குச் சிகிச்சை தருகிற ஒரே பாஸ்டர் நிலையம் இமயமலை அடிவாரத்தில் கசௌலியில் இருந்தது. அதையும் 1900-ல்தான் தொடங்கியிருந்தார்கள். சென்னையிலிருந்து 2,000 கிலோமீட்டருக்கு மேல். யோசித்துப் பாருங்கள். அன்றைக்குத் தென்னாட்டில் பச்சிலைக்குப் பஞ்சமா? மந்திரிக்கிறவருக்குப் பஞ்சமா? இன்றைக்கு இருப்பதைவிடப் பத்து மடங்கு இருந்திருப்பார்கள். இல்லாதது ஒன்றே ஒன்றுதான்: தடுப்பு மருந்து. அது இல்லாததால் லில்லி செத்தார்.

அந்தச் சாவுதான் குன்னூரில் ஓர் ஆய்வு நிலையத்தை உண்டாக்கியது. ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வர் வைஸ்ராய் கர்சன் பிரபுவிடம் கொடுத்த நன்கொடையிலிருந்து ஒரு லட்சம் ரூபாய் அதற்கு வந்தது. 1907-ல் தென்னிந்தியப் பாஸ்டர் நிலையம் குன்னூரில் திறக்கப்பட்டது. நம் தாத்தா காலத்தில் கடிபட்ட ஏழைகள் ரயிலேறி மலைக்குப் போய்த் தங்கி ஊசி போட்டுக்கொண்டு திரும்பினார்கள். பிழைத்த மாமனார்களில் எத்தனை பேர் அப்படிப் போய்வந்தவர்கள் என்று யாராவது விசாரித்தார்களா? ஊசி போட்டதை மறந்துவிட்டுப் பச்சிலை தின்றதை மட்டும் பேரன் பேத்திகளுக்குச் சொல்லிவிட்டுப் போன பெரியவர்களை நானே அறிவேன்.

சரி, குன்னூரும் லில்லியும் தூரத்துக் கதை என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டு நெய்கிற ஊர்க்காரர்களுக்குப் பக்கத்துக் கதை ஒன்று இருக்கிறது. வெறிநாய்க்கடிக்குத் தடுப்பு மருந்து கண்டுபிடித்த லூயி பாஸ்டர் அதற்குப் பல ஆண்டுகள் முன்னால் என்ன செய்துகொண்டிருந்தார்? பட்டுப்புழு பார்த்துக்கொண்டிருந்தார். பிரான்சில் ஒரு நோய் வந்து புழுக்கள் கொத்துக் கொத்தாகச் செத்தன. உடம்பில் மிளகுத்தூள் தூவியதுபோலக் கறுப்புப் புள்ளிகள். பெப்ரின் என்று பெயர். பட்டுத் தொழிலே மூழ்கும் நிலை. 1865-ல் அவருடைய ஆசிரியர் டூமா அழைத்தபோது, பாஸ்டர் அதுவரை பட்டுப்புழுவைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. அலேஸ் என்ற ஊருக்குப் போய் ஆண்டுக்கணக்கில் உழைத்தார். இடையில் இரண்டு பெண் குழந்தைகளைப் பறிகொடுத்தார். 1868-ல் பக்கவாதம் வந்து இடப்பக்கம் விழுந்தது. அப்போதும் விடவில்லை. முட்டையிட்ட தாய் அந்துப்பூச்சியை அரைத்து நுண்ணோக்கியில் பார். நோய்க்கிருமி தெரிந்தால் அந்த முட்டைகளை எரித்துவிடு. தெரியாவிட்டால் வளர்க்கக் கொடு. இதுதான் அவர் கண்ட வழி. இன்றைக்கும் நம் நாட்டில் நோயற்ற முட்டைத் தொகுதி தயாரிக்கிற இடங்களில் தாய் அந்துப்பூச்சியை அப்படித்தான் அரைத்துப் பார்க்கிறார்கள். ராமநகரத்துச் சந்தைக்கு வருகிற கூடு, அதிலிருந்து எடுத்த நூல், அது ஆரணித் தறியில் ஏறிச் சேலையாகி முகூர்த்தத்துக்குப் போவது எல்லாம் அந்த ஆராய்ச்சிக்குக் கடன்பட்டவை. புழுவுக்கு வந்த நோய்க்குப் பாஸ்டர் வேண்டும், பெற்ற பிள்ளைக்கு வந்த ஆபத்துக்குப் பாஸ்டர் வேண்டாமா? என்ன நியாயம் இது?

1885 ஜூலை 6-ம் தேதி ஜோசப் மெய்ஸ்டர் என்ற ஒன்பது வயதுப் பையனைப் பாஸ்டரிடம் கொண்டுவந்தார்கள். உடம்பெல்லாம் கடி. முயலின் தண்டுவடத்தை உலர்த்தி வீரியம் குறைத்த மருந்தை அதற்கு முன் நாய்களில் சோதித்திருந்தார். வைரஸ் என்ற ஒன்றை அப்போது யாரும் கண்ணால் பார்த்ததில்லை. பாஸ்டரின் நுண்ணோக்கிக்கும் அது சிக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத எதிரியை அறிவால் மட்டும் துரத்திப் பிடித்தார். பதினோரு நாட்களில் 13 ஊசிகள். பையன் பிழைத்தான். ஏறக்குறைய எங்கள் தெருப் பையனின் வயதுதான் அவனுக்கும்.

அந்த வைரஸின் போக்கைத் தெரிந்துகொண்டால் பத்தியமும் கயிறும் ஏன் உதவாது என்பது யாருக்கும் புரியும். கடிவாயில் இறங்கிய வைரஸ் ரத்தத்தில் ஓடுவதில்லை. தசையில் தங்கி, நரம்பு நுனியைப் பிடித்து, நரம்பு வழியாகவே மூளைக்கு ஊர்கிறது. காலில் கடித்தால் வாரங்கள் ஆகலாம், மாதங்கள் ஆகலாம். முகத்திலோ கழுத்திலோ கடித்தால் அவகாசம் குறைவு. இந்த இடைவெளிதான் நமக்குக் கிடைக்கிற ஒரே வாய்ப்பு. அதற்குள் ஊசி போட்டு உடம்பை எதிர்ப்புக்குத் தயார்செய்துவிட வேண்டும். மூளையைத் தொட்டுவிட்டால் தண்ணீரைக் கண்டு தொண்டை இழுக்கும், காற்று பட்டால் உடம்பு துடிக்கும், நாட்களில் உயிர் போகும். அந்தக் கட்டத்துக்கு வந்தபின் பிழைத்தவர்கள் உலகம் முழுவதிலும் மிகச் சிலரே. பச்சிலைக்காரர் செய்கிற கெடுதல் இங்கேதான் இருக்கிறது. அவர் கொடுக்கிற இலை விஷமா இல்லையா என்பது பேச்சே இல்லை. அந்த விலைமதிப்பற்ற வாரங்களை அவர் திருடுகிறார். மிளகாய்த்தூளும் சுண்ணாம்பும் காப்பித்தூளும் காயத்தைக் கிளறிப் புண்ணாக்குவதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை. சாதாரண சோப்பு அந்த வைரஸின் கொழுப்பு உறையைக் கரைத்து அழிக்கிறது. ஒரு சோப்புக்கட்டியும் குழாய்த் தண்ணீரும் செய்கிற வேலையை இவர்களுடைய முழு வைத்தியமும் செய்வதில்லை.

சித்த மருத்துவத்தை நான் பழிக்கிறேன் என்று கிளம்பாதீர்கள். பட்டம் பெற்ற சித்த மருத்துவர் ஒருவரிடம் கேட்டேன். “முதல்ல ஊசி போட்டுட்டு வரச் சொல்லுங்க சார்” என்றார். சித்தர் பெயரைச் சொல்லிப் பிழைப்பவர்களைத்தான் சொல்கிறேன். அவர்களைவிட எனக்குக் கோபம் மூட்டுகிறவர்கள் வாட்சப்பில் அவர்களுக்கு விளம்பரம் செய்கிற படித்தவர்கள். இதயத்துக்கும் கல்லீரலுக்கும் வேலூர் பஸ் ஏறி சி.எம்.சி. வாசலில் டோக்கன் வாங்கக் காத்திருப்பார்கள். நாய்க்கடி என்றால் மட்டும் முன்னோர் ஞானம்! தடுப்பூசியே இல்லாத நோய் என்ன செய்யும் என்று பாருங்கள். 2018-ல் கேரளத்தில் நிபா வந்து 17 உயிர்களைக் கொண்டுபோனபோது, அது என்ன வைரஸ் என்று மணிப்பால் ஆய்வுக்கூடமும் புனே ஆய்வுக்கூடமும் சொன்ன பிறகுதான் பரவலைக் கட்டுப்படுத்த முடிந்தது. பேராம்பிராவில் நோயாளியைக் கவனித்த செவிலியர் லினி உயிரைக் கொடுத்தார். நிபாவுக்கு இன்றுவரை தடுப்பூசி இல்லை, விஞ்ஞானிகள் தேடிக்கொண்டிருக்கிறார்கள். தடுப்பூசி கிடைத்துவிட்ட நோய்க்கு அதை வேண்டாம் என்கிறவர்களை என்னவென்று சொல்வது? லில்லிக்கு மட்டும் அன்றைக்கு அந்த மருந்து எட்டுகிற தூரத்தில் இருந்திருந்தால்?

“கம்பெனி வியாபாரம்” என்றாரே படித்தவர், அவருக்கு ஒரு கேள்வி. 2008-ல் மத்திய அரசு குன்னூர், கசௌலி, கிண்டி ஆகிய மூன்று அரசு நிலையங்களின் தடுப்பூசி உற்பத்தி உரிமத்தை நிறுத்திவைத்தது. 2010 வரை அந்த நிறுத்தம் நீடித்தது. தனியார் கம்பெனிகளுக்கு உண்மையான லாபம் அந்த இடைவெளியில்தான் கிடைத்தது. அப்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள்? அரசு நிலையத்தைக் காப்பாற்றக் குரல் கொடுக்காதவருக்கு அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகப் போடுகிற ஊசியை வியாபாரம் என்று சொல்ல என்ன உரிமை?

தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற பயம் இன்னும் போகவில்லை. அது பழைய செம்பிள் மருந்து. ஆட்டு மூளையிலிருந்து 1911-ல் கசௌலியில் டேவிட் செம்பிள் உருவாக்கியது. வலிக்கும். சிலருக்கு நரம்புப் பாதிப்பும் வந்தது. அதைவிட நல்லது வேண்டும் என்று மறுபடி ஆராய்ந்து, செல் வளர்ப்பில் புதிய மருந்து உண்டாக்கியதும் விஞ்ஞானிகள்தான். 2005-க்குள் பழையதை இந்தியா கைவிட்டது. இப்போது அரசு ஆஸ்பத்திரியில் தோலுக்குள் போடுகிற சின்ன ஊசி, நாலு வருகை. பச்சிலை மட்டும் நூறு ஆண்டாக மாறவேயில்லை. தன் தவற்றை ஒருமுறைகூடத் திருத்திக்கொள்ளாத மருந்து அது.

நெசவாளிக்கு நாலு நாள் தறியை விட்டுப் போவது கூலி நட்டம் என்பது எனக்குத் தெரியும். சேலை இறங்கினால்தான் காசு. அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நெசவாளர் குடியிருப்புப் பக்கமே ஊசி போட ஏற்பாடு செய்தால் என்ன குறைந்துவிடும்? ஆற்றங்கரையில் கோழிக்கழிவைக் கொட்டி நாய்களைக் கூட்டமாகச் சேர்ப்பதை யார் தடுக்கிறார்கள்? நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குத் தொடர்ந்து ஊசி போட்டால் நோய் நின்றுவிடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கோவா அதைச் செய்துகாட்டியது. மூன்று ஆண்டு ஒரு மனிதரும் ரேபிஸில் சாகாத பிறகு, 2021-ல் அதை ரேபிஸ் கட்டுப்பாட்டுப் பகுதியாக அறிவித்தார்கள். நாயைக் கொல்லு என்று கத்துகிறவரும் நாயைத் தொடாதே என்று கத்துகிறவரும் சேர்ந்து ஊசி போட ஒரு நாள் வந்திருந்தால் போதும்.

சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தின் ஆய்வு, இந்தியாவில் ஆண்டுக்கு சுமார் 5,700 பேர் ரேபிஸில் சாவதாகக் கணக்கிட்டிருக்கிறது. நாய் கடித்தவர்களில் ஐந்தில் ஒருவர் ஊசியே போட்டுக்கொள்வதில்லை என்றும் அது சொல்கிறது. தமிழ்நாட்டில் மட்டும் 2024-ல் 4.8 லட்சம் நாய்க்கடிகள், 43 சாவுகள். அந்த 43 பேரும் 1902-ல் வாழவில்லை. லில்லிக்குக் கிடைக்காதது இவர்களுக்குப் பக்கத்திலேயே இருந்தது.

அதனால் கேட்கிறேன், நாய் கடித்தாலும் பூனை கீறினாலும், அது குட்டியாக இருந்தாலும் வீட்டில் வளர்த்ததாக இருந்தாலும், ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். காயத்தில் எதையும் அப்பாதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ரத்தம் வருகிற கடி என்றால் காயத்தைச் சுற்றிப் போடுகிற இம்யூனோகுளோபுலின் ஊசியையும் கேட்டு வாங்குங்கள். அன்று, மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று நாலு முறையும் தவறாமல் போய்விட்டு வாருங்கள். உங்கள் மாமனார் கதையை அதன் பிறகு சொல்லுங்கள், கேட்கிறேன்.