குதிரையின் மௌனமும் காந்தப் போர்வையும்

குதிரை வைத்தியத்தில் ஒரு வாதம் திரும்பத் திரும்ப முன்வைக்கப்படுகிறது. மனிதன் நம்பிக்கையின் பலத்தால் குணமடைந்ததாக எண்ணிக்கொள்வான். குதிரைக்கு நம்பிக்கை என்று ஒன்று கிடையாது. ஆகவே குதிரையிடம் பலித்த சிகிச்சை உண்மையான சிகிச்சையே. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பந்தயக் குதிரைகளுக்குக் காந்தப் போர்வை போர்த்துகிறவர்களும், கால்களில் காந்தப் பட்டை சுற்றுகிறவர்களும், துடிப்பு மின்காந்தப் புலம் எழுப்பும் வளையங்களை முதுகில் சாத்துகிறவர்களும் இந்த வாதத்தின் நிழலில்தான் ஒதுங்குகிறார்கள். கேட்பதற்கு இது வலுவாகவே இருக்கிறது. ஆனால் நம் பார்வையில் இது தவறான வாதம். அத்துடன், வாய் பேசாத ஓர் உயிருக்குத் தீங்கு செய்யக்கூடிய வாதமும்கூட.

முதலில் இரண்டு விஷயங்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். கையால் நீவிவிடுவது வேறு, காந்தம் வைப்பது வேறு. சந்தையில் இரண்டும் ஒரே பொட்டலமாக விற்கப்படுவதால் ஒன்றின் நற்பெயர் மற்றொன்றுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

நீவிவிடுவதற்குக் குதிரையின் உடலமைப்பிலேயே நியாயம் இருக்கிறது. குதிரைக்குக் காறை எலும்பு கிடையாது. முன்னங்கால்கள் உடற்கூட்டோடு எலும்பு மூட்டால் இணைக்கப்படவில்லை; தசைகளாலும் தசைநார்களாலும் ஆன ஓர் ஊஞ்சலில் நெஞ்சுக்கூடு தொங்குகிறது. நிற்கும்போது உடல் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை அந்த முன்னங்கால்களே தாங்குகின்றன. அதற்கு மேல் சேணமும் மனிதனும் ஏறும்போது தோளும் முதுகும் இறுகிப்போவதில் வியப்பில்லை. தொடுகையின் பயனுக்குச் சான்றும் உண்டு. பிரான்சின் கமார்க் குதிரைகளை ஆராய்ந்து 1993இல் வெளியான ஆய்வொன்று, குதிரைகள் ஒன்றையொன்று விரும்பிக் கோதிவிடும் தோள்மேட்டுப் பகுதியை மனிதக் கை வருடினாலும் இதயத் துடிப்பு தணிகிறது என்று காட்டியது. வேறிடத்தை வருடியபோது அந்தத் தணிவு நிகழவில்லை. தலைமுறை தலைமுறையாகக் குதிரைக்காரர்கள் வைக்கோல் பிரியால் உடலைத் தேய்த்து மாலிஷ் செய்து வந்ததில் ஒரு கையறிவு இருந்தது. அதை நாம் குறைத்து மதிப்பிடவில்லை.

காந்தத்தின் கதை வேறு. அதிலும் இரண்டு வகை உண்டு. போர்வையிலும் பட்டையிலும் தைக்கப்படுவது நிலைக்காந்தம். இரத்தத்தில் இரும்பு இருக்கிறது, காந்தம் அதை இழுத்து ஓட்டத்தைக் கூட்டுகிறது என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். ஆனால் இரத்தத்தின் இரும்பு ஆணியின் இரும்பைப் போன்றதல்ல. ஆக்சிஜன் ஏறிய இரத்தம் காந்தத்தால் மிக மெலிதாக விலக்கப்படுகிறது என்பதை லைனஸ் பாலிங்கும் சார்லஸ் கோரியலும் 1936லேயே நிறுவிவிட்டார்கள். காந்தப் பட்டையைவிடப் பன்மடங்கு வலிய எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுத்தெழும் மனிதரின் இரத்தம் ஒரு பக்கமாகத் திரண்டுவிடுவதில்லை. குதிரைகளிடமே இது சோதிக்கப்பட்டது. முன்னங்கால் ஒன்றில் காந்தப் பட்டை, மற்றதில் காந்தமற்ற போலிப் பட்டை என்று கட்டி இரத்த ஓட்டத்தை அளந்த ஆய்வு 2000இல் வெளியானது. இரு கால்களுக்கும் வேறுபாடு காணப்படவில்லை.

துடிப்பு மின்காந்தப் புலத்தை இப்படி ஒரே வீச்சில் தள்ளிவிட முடியாது. மாறும் காந்தப் புலம் மின்னோட்டத்தைத் தூண்டும் என்பது ஃபாரடே கண்ட உண்மை. ஒட்டாமல் நின்றுவிட்ட எலும்பு முறிவுகளுக்கு இம்முறையைப் பயன்படுத்த அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1979இல் ஒப்புதல் தந்தது. ஆனால் மனித எலும்புக்குக் கிடைத்த ஒப்புதலைக் குதிரையின் முதுகுவலிக்கும், மூட்டு வீக்கத்துக்கும், மனச் சோர்வுக்கும் நீட்டிக்கொண்டே போவது அறிவியலாகாது. போலோ ஆட்டக் குதிரைகளின் முதுகுவலியில் இதைப் போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்டுப் பார்த்த ஓர் ஆய்வு 2014இல் வெளிவந்தது. அதில் குறிப்பிடத்தக்க பயன் தென்படவில்லை. கதவு முற்றிலும் மூடிவிடவில்லை என்பது உண்மை. ஆனால் வணிகர்கள் வீடு முழுவதையும் கட்டி முடித்துக் குடிபுகுந்தே விட்டார்கள்.

இனி அந்த முதல் வாதத்துக்கு வருவோம். காந்த மருத்துவத்தின் வரலாற்றில் நம்பிக்கையின் பங்கைக் கண்டறிந்தது 1784ஆம் ஆண்டின் பாரிஸ் நகரம். ஃபிரான்ஸ் ஆன்டன் மெஸ்மரின் 'விலங்குக் காந்தம்' அங்கே பெரும் மோகமாகியிருந்தது. அதை ஆராய மன்னர் பதினாறாம் லூயி அமைத்த குழுவில் பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் லவாய்சியரும் இருந்தார்கள். ஃபிராங்க்ளினின் பாசி இல்லத் தோட்டத்தில் மெஸ்மரின் சீடர் ஒரு மரத்துக்குக் 'காந்தமேற்றினார்'. கண்கள் கட்டப்பட்ட 12 வயதுச் சிறுவன் ஒருவன் வேறு மரங்களிடம் அழைத்துச் செல்லப்பட்டான். காந்தமேற்றிய மரத்தை நெருங்காமலேயே, நான்காவது மரத்தடியில் அவன் மயங்கி விழுந்தான். வேலை செய்தது காந்தமல்ல, கற்பனை என்று குழு முடிவு கூறியது.

அப்படியானால் கற்பனையற்ற குதிரையிடம் என்ன நடக்கிறது? இதற்கான பதிலை ஒரு குதிரையே தந்திருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் வில்ஹெல்ம் ஃபொன் ஓஸ்டன் என்பவரின் குதிரையான ஹான்ஸ், கணக்குகளுக்குக் குளம்பைத் தட்டி விடை சொல்லியது. 1904இல் கூடிய குழுவால் எந்த மோசடியையும் கண்டுபிடிக்க முடியவில்லை. உண்மையில் மோசடி ஏதும் அங்கே இருக்கவும் இல்லை. பின்னர் உளவியலாளர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட், கேட்பவருக்கே விடை தெரியாதபோதும், கேட்பவர் குதிரையின் கண்ணுக்கு மறைந்து நின்றபோதும் ஹான்ஸ் தடுமாறுவதைக் கண்டறிந்து 1907இல் வெளியிட்டார். சரியான எண் நெருங்கும்போது கேட்பவரின் தலையிலும் உடலிலும் தம்மையறியாமல் எழும் நுண்ணிய அசைவுகளை அது படித்துக்கொண்டிருந்தது.

நம்பிக்கை இல்லாத விலங்கு, நம்பிக்கையுள்ள மனிதனை வாசிக்கிறது. பதற்றத்தோடு இருந்த உரிமையாளர் போர்வையைப் போர்த்திவிட்டு நிம்மதியாக மூச்சுவிடும்போது, குதிரை தலையைத் தாழ்த்தி, உதடுகளைத் தளர்த்தி, வாயை மென்றுகொண்டால் அதில் மாயம் எதுவும் இல்லை. அந்த அரைமணி நேரம் யாரும் அதன் மேல் ஏறவில்லை. யாரோ அன்போடு அருகில் நிற்கிறார்கள். அதுவே போதும். இன்னொன்றும் இருக்கிறது: குதிரையின் நிலையை மதிப்பிடுகிறவரும் அதே உரிமையாளர்தான். மூட்டுவாதம் கொண்ட நாய்களைப் பற்றி 2012இல் வெளியான அமெரிக்க ஆய்வில், போலி மருந்து மட்டுமே பெற்ற நாய்களின் நடை தேறிவிட்டதாக உரிமையாளர்களும் கால்நடை மருத்துவர்களும் அடிக்கடி கூறினார்கள். காலடி விசையை அளந்த கருவி அதை மறுத்தது. போலிச் சிகிச்சைக்கு மயங்குவதற்கு விலங்கு தேவையில்லை. அதை நேசிக்கும் மனிதரே போதும்.

இலக்கிய வாசகர்களான நமக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். மௌனத்தை நம் சொற்களால் நிரப்பிப் படிப்பதில் உள்ள இன்பத்தையும் ஆபத்தையும் நாம் நன்றாகவே அறிவோம். பிரதி மறுத்துப் பேசாதபோது வாசகன் தன்னையே அதில் படித்துக்கொள்கிறான். ஒரு கவிதையை அப்படித் தவறாகப் படித்தால் எவருக்கும் கால் ஒடியாது. குதிரை இரையாகும் விலங்கு. வலியை மறைத்து நிற்பது அதன் இயல்பு. எலும்பில் மயிரிழை விரிசலோ, தசைநாணில் கிழிவோ இருக்கும்போது 'ஆற்றல் ஓட்டம் சீராகிவிட்டது' என்ற வாக்கியத்தை நம்பி அடுத்த வாரப் பந்தயத்தில் அதை ஓடவிட்டால், அந்த வாக்கியத்துக்கான விலையைக் கொடுப்பது குதிரைதான்.

குதிரையைப் பற்றிய அறியாமை வணிகத்துக்கு உதவுவது புதிதல்ல. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரையைக் கண்ட மார்க்கோ போலோ, ஹோர்முஸ், ஏடன் முதலிய துறைமுகங்களிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் வந்திறங்கியதையும், பராமரிக்கும் முறை தெரியாததால் அவற்றில் பெரும்பாலானவை விரைவிலேயே மடிந்துபோனதையும் எழுதுகிறார். குதிரை விற்கும் வணிகர்கள் லாடக்காரர்களை அழைத்து வருவதில்லை, எவரையும் வரவிடுவதுமில்லை என்றும் சொல்கிறார். குதிரைகள் சாகச் சாகத்தானே புதிய குதிரைகள் விற்கும். அன்று அறிந்தவரை வரவிடாமல் தடுத்தார்கள். இன்று அறிந்தவரின் இடத்தில் விலையுயர்ந்த கருவி ஒன்றை நிறுத்துகிறார்கள். முன்னது கொடியது, பின்னது பெரும்பாலும் நல்லெண்ணத்தில் நிகழ்வது. ஆனால் மருத்துவர் வந்து சேரத் தாமதமாகும் ஒவ்வொரு நாளும் குதிரைக்கு ஒன்றுபோலத்தான் வலிக்கும்.

ஆகவே காந்தப் போர்வையைக் கொளுத்த வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. நொண்டும் குதிரையை முதலில் கால்நடை மருத்துவர் பார்க்கட்டும், தேவையானால் படமெடுக்கட்டும். ஓய்வு வேண்டுமென்றால் அட்டவணையைத் திருத்தி ஓய்வு கொடுக்கட்டும். அதன்பின் கையால் நீவிவிடுகிறவர் வரட்டும், தோள்மேட்டை வருடட்டும், குதிரை கண் சொக்கி நிற்கட்டும். அதற்கு 'சிகிச்சை' என்ற பெரிய பெயர்கூட வேண்டியதில்லை. ஒரு வழிமுறை குதிரைக்காகவா, பந்தய நாளுக்காகவா என்று அறிய எளிய கேள்வி ஒன்று உண்டு: பந்தயமே இல்லாவிட்டாலும், இந்தக் குதிரை இனி ஒருபோதும் ஓடாது என்று தெரிந்தாலும், இதே அக்கறையோடு அதன் அருகில் நிற்போமா? நிற்போம் என்றால் அந்தக் கைக்குக் காந்தம் தேவைப்படாது.