ஊர் வரலாறு அறியாப் பிள்ளைகள்: பொறுப்பு யாருடையது?

பத்ருப் போர் எந்த ஆண்டு நடந்தது என்று கேட்டால், நம் மக்தபுப் பிள்ளைகள் ஹிஜ்ரி 2 என்று தயங்காமல் சொல்வார்கள். அல்ஹம்துலில்லாஹ். ஆனால், தாங்கள் தொழும் பள்ளிவாசல் எப்போது எழுந்தது, அதற்கு நிலத்தை வக்ஃப் செய்தவர் யார் என்று கேட்டால் பெற்றோரும் சேர்ந்தே விழிக்கின்றனர்.

நமக்கு வரலாறு இல்லாமல் இல்லை. 13ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே காயல் துறைமுகத்தின் அரபுக் குதிரை வணிகத்தை மார்க்கோ போலோ பதிவு செய்தார். கீழக்கரையின் பழைய ஜும்ஆப் பள்ளி, தமிழகக் கற்றச்சர் மரபில் செதுக்கிய தூண்களோடு இன்றும் நிற்கிறது. அதே ஊரில் 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம், சாதாரண மக்களும் மார்க்கம் அறிய அரபுத் தமிழில் நூல்கள் எழுதினார். நம் பாட்டிமார் சரளமாக வாசித்த அந்த எழுத்தை இன்று வாசிப்போர் அரிது. பரணில் கிடக்கும் கிதாபு அரபா தமிழா என்றுகூட நமக்குத் தெரிவதில்லை.

இதைவிடக் கொடுமை, பள்ளிவாசலைப் புதுப்பிக்கிறோம் என்று பழைய கல்வெட்டை ஒரு படம்கூட எடுக்காமல் பெயர்த்துப் போடுவது. கிரானைட் பளபளக்கிறது, சான்று குப்பைக்குப் போகிறது.

"இதெல்லாம் கப்று வணக்கத்தில் கொண்டுபோய் விடும்" என்கின்றனர் சிலர். மீசான் கல்லில் உள்ள பெயரையும் ஆண்டையும் படிப்பது எப்படி வணக்கமாகும்? பூமியில் பயணம் செய்து முன்சென்றோரின் நிலையைப் பாருங்கள் என்று திருக்குர்ஆன் பல இடங்களில் அழைக்கிறதே! "தேர்வுக்கு வராத பாடம் எதற்கு?" என்கின்றனர் வேறு சிலர். "நீங்கள் எங்கிருந்து வந்தவர்கள்?" என்று வகுப்புத் தோழன் கேட்கும் நாளில் நம் பிள்ளைக்கு எந்த மதிப்பெண் கைகொடுக்கும்? வக்ஃப் நிலத்தின் எல்லையறிந்த கடைசிப் பெரியவர் மவுத்தான பின், வழக்கு வந்தால் யாரைச் சாட்சிக்கு அழைப்போம்?

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறை ஜமாஅத் ஒதுக்கட்டும். பள்ளிவாசலின் பழைய கணக்கேடுகளையும் வக்ஃப் பத்திரங்களையும் பெரியவர்கள் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டட்டும். முதியோரின் நினைவுகளைப் பிள்ளைகள் கைப்பேசியில் பதிவு செய்யட்டும். அரபுத் தமிழ் அறிந்த மூதாட்டி ஒருவர் இருந்தாலும் அவரே உஸ்தாதாக அமரட்டும். பெண்பிள்ளைகள் முன்வரிசையில் இருக்கட்டும். ஊரின் பிற சமூகப் பெரியவர்களையும் அழைப்போம். அவர்களின் நினைவிலும் நம் வரலாறு இருக்கிறது.

மினாராவை உயர்த்த நிதி திரட்டும் நிர்வாகங்கள் இதற்கு மட்டும் நேரமில்லை என்றால், அதை நாம் ஏற்கக் கூடாது. அடுத்த ஜமாஅத் கூட்டத்தில் இதை முதல் பொருளாக வைக்கக் கோருவோம். தள்ளிப்போடும் ஒவ்வோர் ஆண்டும் ஊரறிந்த ஒரு பெரியவரின் ஜனாஸாவைச் சுமக்கிறோம். அவர் அறிந்ததும் அவரோடு மண்ணுக்குள் போகிறது.