பட்டம் பெற்ற பின்னும் தொடர வேண்டிய தோழமை

உளுந்தூர்பேட்டையில் நம் பெண்மக்கள் கல்லூரிக்குச் செல்வது இன்று வியப்புக்குரிய செய்தியன்று. விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரிக்கும், விருத்தாசலம் திரு கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரிக்கும் பேருந்தில் சென்று வர முடிகிறது. வாய்ப்புள்ளோர் சென்னை, திருச்சி விடுதிகளில் தங்கிப் பயில்கின்றனர். ஆனால் பட்டம் கைக்கு வந்து, நிகாஹும் முடிந்த ஓராண்டில், உடன் பயின்ற தோழியருள் எத்தனை பேருடன் அப்பெண்ணுக்குத் தொடர்பு எஞ்சியிருக்கிறது? இதை ஓர் இழப்பாகவே நாம் எண்ணுவதில்லை.

ஆண்களுக்கு ஜுமுஆவுக்குப் பின் பள்ளிவாசல் முற்றம் இருக்கிறது, கடைவீதி இருக்கிறது. மணமாகி வேற்றூர் செல்லும் பெண்ணோ, அறிந்த முகம் ஒன்றுமில்லாத வீட்டில் வாழ்வைத் தொடங்குகிறாள். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் மணமான பின்னும் பெண் தாய்வீட்டிலேயே வாழும் மரபு உண்டு; அங்கே அவளது இளமைத் தோழமை அறுபடுவதில்லை. நம் உள்நாட்டு ஊர்களில் அந்த வாய்ப்பு அரிது. எனவே இங்கே தோழமையை முயன்றுதான் காக்க வேண்டும்.

அமெரிக்கக் கல்லூரிகளில் ‘சொராரிட்டி’ எனப்படும் மாணவியர் சகோதரத்துவ அமைப்புகள் உண்டு. ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் 1908-இல் கறுப்பின மாணவியர் தொடங்கிய ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா அவற்றுள் ஒன்று. படிப்பு முடிந்தாலும் உறுப்பினர் உறவு முடிவதில்லை. பட்டதாரிகளுக்கெனத் தனிக் கிளைகள் அமைத்து, இளையோரின் கல்விக்கு உதவுகின்றனர். 2005-இல் இஸ்லாமிய நெறியில் காமா காமா கை என்னும் அமைப்பும் அங்கே தோன்றியது. அவர்களின் சடங்குகள் நமக்குத் தேவையில்லை. அந்த உறுதி தேவை.

அவ்வுறுதிக்கு முன்மாதிரி நம்மிடமே உண்டு. மக்காவில் ஏமாற்றப்பட்ட ஒரு வெளியூர் வணிகருக்கு நீதி கிடைக்க, அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆனின் இல்லத்தில் ‘ஹில்ஃபுல் ஃபுளூல்’ என்னும் உடன்படிக்கை செய்யப்பட்டது. வாலிபப் பருவத்தில் அதில் பங்கேற்ற அண்ணல் நபி (ஸல்) அவர்கள், நபித்துவத்திற்குப் பின்னும் அதற்கு அழைக்கப்பட்டால் ஏற்பேன் என்ற கருத்தில் உரைத்தார்கள். இளமையில் நன்மைக்காக இணைந்த கூட்டு, காலம் மாறியதால் காலாவதியாகிவிடாது. பிற சமயத் தோழியரோடு பயின்ற நம் பெண்மக்களுக்கும் இதில் பாடம் இருக்கிறது.

அன்னை கதீஜா (ரலி) மறைந்த பின்னரும், ஆடு அறுத்தால் அவர்களின் தோழியருக்குப் பங்கு அனுப்புவது நபிகளாரின் வழக்கம். மனைவியின் தோழமையை மறைவுக்குப் பின்னும் கணவர் மதித்த வரலாறு இது. மனைவி உயிரோடிருக்கும்போதே அவளது தோழியின் அழைப்பைக் கண்டு முகம் சுளிப்போர் இதைச் சிந்திக்க வேண்டும்.

சரி, இத்தோழமையால் விளையும் பயன் என்ன? 1955-இல் சென்னையில் எஸ்.ஐ.இ.டி. மகளிர் கல்லூரி, 1988-இல் கீழக்கரையில் தாசிம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரி எனப் பெரியோர் நிறுவனங்களை எழுப்பினர். ஆயினும் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த சிறுமியைக் கல்லூரி வாசல் வரை அழைத்துச் செல்வது, முன்னே சென்று வந்த ஓர் அக்காவால்தான் எளிதில் இயலும். தமிழகத்தில் முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு. அதற்குரிய சாதிச் சான்றிதழை முன்கூட்டியே வாங்க வேண்டும். குடும்பத்தில் முதலில் படிப்பவருக்கு முதல் பட்டதாரிச் சான்றிதழ் உண்டு. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். இவற்றை அறியாமல் நின்றுபோகும் படிப்பை ஒரு தொலைபேசி அழைப்பு காக்கக்கூடும். தயங்கும் தந்தையிடம், “நான் படித்தேன், என் மார்க்கம் குறையவில்லை” என்று சொல்ல அவளைவிடத் தகுந்த சாட்சி யார்?

வாட்ஸ்அப் குழுக்கள் புறத்திலும் வீண் பெருமையிலும் முடியாதா என்று கேட்போர் உண்டு. முடியும், அதைத் தடுப்பது நோக்கம்தான். வெறும் பெருநாள் வாழ்த்தோடு நில்லாமல், ஆண்டுக்கு ஒரு மாணவியின் கல்விப் பொறுப்பை ஏற்கட்டும். மாதம் சிறு தொகை சேர்த்து, கணக்கை அமானிதமாகப் பேணட்டும். கணவரை இழந்த தோழியையும், மணமுறிவால் தனித்து நிற்கும் தோழியையும் முதலில் நலம் விசாரிக்கட்டும். பணி பெருகினால், ஏழு பேர் சேர்ந்து 1975-ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவு செய்யவும் வழி உண்டு.

குடும்பத்தாரிடம் நாம் வேண்டுவது சிறிதே: ஆண்டுக்கு ஒரு முறை முன்னாள் மாணவியர் கூடலுக்கு மருமகளை அனுப்புங்கள்; அன்று குழந்தையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். ஜமாஅத் நிர்வாகிகள் மஹல்லாவின் பட்டதாரிப் பெண்கள் மாதம் ஒரு நாள் கூட மத்ரஸாவில் ஓர் அறை தரட்டும்.

நன்மையின் பொருட்டு ஒன்றுகூடும் உள்ளங்களை அல்லாஹ் பிரியாமல் காப்பானாக. ஆமீன்.