கோரிக்கையும் மறுமொழியும் மொழிக்கு உள்ளேயே இருக்கட்டும்

நுரைச்சோலை என்றதும் 2011இல் இயங்கத் தொடங்கிய அனல்மின் நிலையமே பலருக்கும் நினைவுக்கு வரும். நான் இங்கு எடுத்துக்கொள்வது ஊரின் பெயரை மட்டுமே. தமிழ்க் கணக்கில் அது 5 எழுத்து. ஒருங்குறியில் 10 குறியீடுகள், யூ.டி.எஃப்-8 முறையில் 30 பைட்டுகள். இணையத்தளமொன்றின் தேடற்பெட்டியில் இட்டு அனுப்பினால், முகவரியினுள் 90 குறிகளாக நீண்டு வழங்கியைச் சென்றடைகிறது.

நாம் அனுப்புவது கோரிக்கை. திரும்பி வருவது மறுமொழி. இரண்டும் கடிதம் போன்றவை. உறையின்மேல் தலைப்புக் குறிப்புகள், உள்ளே செய்தி. இவ்விரண்டையும் கையாளும் ஒப்ஜெக்ட்டுகளை நிரல்மொழியே உள்ளிணைப்பாகத் தரவேண்டுமா, அல்லது பிறர் எழுதும் நூலகங்களுக்கு விட்டுவிடலாமா என்பதே கேள்வி.

ராஸ்மஸ் லெர்டோர்ஃப் 1995இல் வெளியிட்ட பி.எச்.பி. மொழியில் அவ்வாறான ஒப்ஜெக்ட் இல்லை. 2001இல் வந்த 4.1 பதிப்பு முதல், நிரலின் எந்த மூலையிலிருந்தும் எட்டக்கூடிய அணிகளில் கோரிக்கை வந்து விழுகிறது. எந்த வரியும் அதை மாற்றி எழுதிவிடலாம். 2020இல் போல் எம். ஜோன்ஸ், மாற்றவியலாத கோரிக்கை ஒப்ஜெக்ட் ஒன்றையும் மறுமொழி ஒப்ஜெக்ட் ஒன்றையும் மொழியிலேயே சேர்க்க முன்மொழிந்தார். வாக்கெடுப்பில் அது நிராகரிக்கப்பட்டது. நூலகங்கள் ஏற்கெனவே இருக்கின்றன, 2015இலேயே அவற்றுக்கான பொது இடைமுகமும் வகுக்கப்பட்டுவிட்டது என்பது எதிர்த்தரப்பின் வலுவான வாதம். மொழியில் ஒருமுறை சேர்த்ததை இலகுவில் நீக்கவும் முடியாது.

இவ்வாதத்தை மதிக்கிறேன், ஆயினும் ஏற்கவில்லை. நல்ல நூலகத்தைத் தேர்ந்து பொருத்துவது பெரிய நிறுவனங்களுக்கு எளிது. சிற்றூரின் கூட்டுறவுச் சங்கத்துக்கோ பாடசாலைக்கோ தனியொருவர் அமைக்கும் தளம், மொழி இயல்பாகத் தருவதையே நம்பி நிற்கிறது. 2014இல் வந்த பி.எச்.பி. 5.6, யூ.டி.எஃப்-8ஐ இயல்பான எழுத்துமுறையாக்கியது. தமிழ்ப் பக்கங்களை ஆக்குவோர் தனியே எதுவும் செய்யாமலே அதன் பயன் கிடைத்தது.

இன்னும் இரண்டு குறைகள் உள்ளன. முதலாவது, வாசகர் எம்மொழியை விரும்புகிறார் என்பதை உலாவி ஒவ்வொரு கோரிக்கையுடனும் அனுப்புகிறது. பி.எச்.பி.யில் அது பிரிக்கப்படாத ஒற்றை வரியாகக் கிடைப்பதால், பலரும் பாராமலே விட்டுவிடுகின்றனர். ஜோன்ஸின் ஒப்ஜெக்ட் அதைப் பிரித்தே தந்திருக்கும். 1987இன் 13ஆம் திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியான இலங்கையில் இது சிறு விடயமன்று.

இரண்டாவது, ‘சோ’வில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் காலும் சேர்ந்த இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு வேறுபாடில்லை. பைட்டுகளை மட்டும் ஒப்பிடும் நிரலுக்கோ அவை இரு வேறு ஊர்கள். ஒன்றில் பதிந்த பெயர் மற்றதில் தேடினால் அகப்படாது.

ஆகவே, கோரிக்கை ஒப்ஜெக்ட் வந்த வடிவத்தை அப்படியே காக்கவேண்டும். பக்கத்திலேயே சீராக்கிய வடிவத்தையும் தரவேண்டும். மூலக்கடிதத்தைக் கோப்பில் வைத்துப் பிரதியில் திருத்தம் செய்வது பத்திரிகை அலுவலகத்தின் பழைய ஒழுங்கு. 2022இல் வந்த நோட் 18 பதிப்பில் கோரிக்கை, மறுமொழி ஒப்ஜெக்ட்டுகள் இயல்பாகவே கிடைக்கின்றன. அங்கும் இந்தச் சீராக்கத்தை நிரலாளரே தனியாகச் செய்யவேண்டும். மொழியை வடிவமைப்போர் மன்றங்களில் தமிழ் தெரிந்த நிரலாளர்கள் இதனை எழுப்பவேண்டும். நாம் கேளாமல் யாரும் நமக்காகக் கேட்கப்போவதில்லை.