"எல்லாருக்கும் ஓகே தானே?"

இன்டர்ன்ஷிப்பில் எங்க மேனேஜர் ஒருநாளும் கத்தினதில்லை. தன்மையான மனுஷன். மீட்டிங் முடியும்போது லேப்டாப்பை மூடிக்கிட்டே "எல்லாருக்கும் ஓகே தானே?" என்பார். "இல்லை சார்" என்று ஒருத்தர் சொல்லி நான் கேட்டதே இல்லை. ஆனா டீக்கடைக்கு வந்ததும் அதே ஆட்கள், "இந்தத் தேதிக்குள்ள முடியவே முடியாது" என்று கணக்குப் போட்டுக் காட்டுவார்கள். கத்துற மேனேஜர்தான் வாயை அடைப்பார் என்று அதுவரை நினைச்சிருந்தேன்.

சேலஞ்சர் விபத்தைப் பற்றிப் படிச்சப்போ இந்த டீக்கடைதான் ஞாபகம் வந்தது. 1986 ஜனவரி 27 இரவு. மறுநாள் காலை ஏவணும். பூஸ்டர் ராக்கெட் செய்த மார்ட்டன் தயோக்கால் கம்பெனியின் இன்ஜினியர்கள், குளிரில் ஓ-ரிங் ரப்பர் இறுகிடும், சூடான வாயு கசியும், 53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்று போனில் நாசாவிடம் சொன்னார்கள். நாசா மேனேஜர் லாரி முல்லாய், அப்போ எப்பதான் ஏவச் சொல்றீங்க, அடுத்த ஏப்ரலிலா என்று கேட்டார். கம்பெனி ஆட்கள் லைனை மியூட் பண்ணித் தனியா பேசினார்கள். அங்கே பெரிய மேனேஜர் ஒருத்தர், இன்ஜினியரிங் துணைத் தலைவரிடம் இன்ஜினியர் தொப்பியைக் கழற்றிட்டு மேனேஜ்மென்ட் தொப்பியைப் போடச் சொன்னார். நாலு மேனேஜர்கள் முடிவெடுத்தார்கள்: ஏவலாம்.

அதுக்கப்புறம் நாசா தரப்பில் ஒருத்தர், யாருக்காவது மாற்றுக் கருத்து இருக்கா என்று கேட்டார். ஒருத்தரும் பேசலை. மறுநாள் ஏவிய 73-வது விநாடியில் விண்கலம் சிதறியது, ஏழு பேர் போனார்கள்.

"அவங்களுக்கு தைரியம் இல்லை"ன்னு சொல்றதை நான் ஒத்துக்க மாட்டேன். சில நிமிஷம் முன்னாடிதான் ரோஜர் பாய்ஸ்ஜோலி என்ற இன்ஜினியர் போட்டோ ஆதாரத்தை வெச்சு வாதாடியிருக்கார். வழக்கமா பாதுகாப்பானதுன்னு நிரூபிக்கச் சொல்வாங்க, அன்னிக்கு ஆபத்துன்னு நிரூபிக்கச் சொன்னாங்க என்று விசாரணையில் அவரே சொன்னார். முடிவை எடுத்துட்டு கருத்து கேட்டா, அது கேள்வியே இல்லை. கையெழுத்துப் போடச் சொல்றது.

சரி, நான் மட்டும் யோக்கியமா? ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டில் நான்தான் டீம் லீட். "நாளைக்கு டெமோ, எல்லாருக்கும் ஓகே தானே?"ன்னு குரூப்பில் போட்டேன். மூணு தம்ஸ் அப் வந்தது. அழிச்சிட்டு, "நாளைக்கு எது முதல்ல சொதப்பும்?"ன்னு போட்டேன். பத்து நிமிஷம் சத்தமே இல்லை. அப்புறம் ஒருத்தி எழுதினாள்: "சென்சார் ரீடிங் ரெண்டு நாளா தப்பா வருதுடா."