வழி சொல்லும் வாயும் வழி காட்டும் அம்பும்

1923-ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கிய பினாங்குக் கொடிமலை ரயில், அரை மணி நேரம் மெல்ல ஊர்ந்து, நடு நிலையத்தில் பிரயாணிகளை இறக்கி வேறொரு வண்டியில் ஏற்றிக்கொண்டு, காட்டின் ஈர வாசனை சன்னல் வழியே உள்ளே வர, ஆற அமர உச்சியில் கொண்டுபோய்ச் சேர்த்த காலத்தை மலையடிவாரத்து ஆயர் ஈத்தாமில் இன்னும் பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். 2011-ல் புதுப்பிக்கப்பட்ட ரயிலோ வண்டி மாறும் சிரமமே இல்லாமல், ஏறி உட்கார்ந்தவர் கைப்பேசியை எடுத்து மடியில் வைப்பதற்குள் உச்சியை எட்டிவிடுகிறது. வசதியைக் குறை சொல்வதற்கில்லை. மூட்டுவலிக்காரர்களின் ஜாதியில் நானும் சேர்ந்தாயிற்று. ஆனால் பிரயாணம் என்று ஒன்று நடந்ததா என்று கேட்டால் பதில் சொல்லச் சற்றுத் தயக்கமாக இருக்கிறது. கணினியில் பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகளுக்கும், அதாவது நம் பிள்ளைகள் ஆர்.பி.ஜி. என்று சொல்லும் வகைக்கும், கடந்த இருபது ஆண்டுகளில் இதே மாற்றம்தான் நேர்ந்திருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

இவ்வகை விளையாட்டின் பூர்வீகம் கணினியே அல்ல. 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்பது, ஒரு மேஜையைச் சுற்றி நண்பர்கள் அமர்ந்துகொள்ள, அவர்களில் ஒருவர் குகையையும் கோட்டையையும் வாயாலேயே வர்ணித்துக்கொண்டு போக, மற்றவர்கள் தாங்கள் ஏற்ற பாத்திரங்கள் என்ன செய்கின்றன என்று சொல்லிப் பகடை உருட்டும் ஆட்டம். அதை ஆடிப் பழகியவரும், கென்டக்கி மாநிலத்தின் மாமத் குகைகளுக்குள் தாமே தவழ்ந்து படம் வரைந்தவருமான வில் குரௌதர், தம் பெண் குழந்தைகள் ஆடுவதற்கென்று ஒரு கணினி விளையாட்டை எழுதினார். அதில் சித்திரம் ஒன்றுகூட இல்லை. எதிரே என்ன இருக்கிறது என்று வாக்கியங்கள் சொல்லும், ஆடுகிறவர் தட்டெழுத்தில் பதில் சொல்ல வேண்டும். 1977-ல் டான் உட்ஸ் என்பவர் அதை விரித்து எழுதிய பிறகு, கணினி இருந்த பல்கலைக்கழகமெல்லாம் அது பரவியது. ஆக, மேஜையிலும் சரி, திரையிலும் சரி, முதலில் இருந்தது ஒருவர் வழி சொல்வதும் மற்றவர் அதைக் கேட்டு நடப்பதும்தான்.

எங்கள் பினாங்குத் தீவில் இவ்விளையாட்டுகள் வந்து சேர்ந்த விதம் அவ்வளவு கௌரவமானதன்று. தொண்ணூறுகளில் இவை பெரும்பாலும் திருட்டுப் பதிப்புகளாகவே கிடைத்தன. அசல் பெட்டியில் விளக்கப் புத்தகமும், சில விளையாட்டுகளுக்குத் துணியில் அச்சிட்ட தேசப்படமும் இருக்குமாம். எங்களுக்குக் கிடைத்ததோ பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு தட்டு மட்டும். அதனால் பள்ளிக்கூடத்துக் கட்டம் போட்ட கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் குகைகளை வரைந்துகொள்வது, ஒருவன் கண்ட ரகசியக் கதவை மறுநாள் பஸ் நிறுத்தத்தில் இன்னொருவனுக்குச் சொல்வது, சொன்னதில் பாதி பொய்யாக இருந்துவிடுவது என்று விளையாட்டு வீட்டுக்கு வெளியிலும் நடந்துகொண்டிருந்தது. திருட்டை நான் நியாயப்படுத்தவில்லை. கையில் படமில்லாமல் போனதால் கால் நன்றாக நடந்தது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

2002-ல் பெதஸ்டா நிறுவனம் வெளியிட்ட ‘மாரோவிண்ட்’ என்ற விளையாட்டை இதற்கு உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். சிறைக் கப்பலிலிருந்து ஒரு தீவின் கரையில் இறக்கிவிடப்பட்ட ஒரு கைதி, சதுப்பு நிலத்தின் ஓரத்தில் இருக்கும் சின்னஞ்சிறு கிராமம் ஒன்றில் விடுவிக்கப்படுகிறான், பல்மோரா என்ற ஊரில் இன்னாரைப் போய்ப் பார் என்று ஒரு பொட்டலத்தைக் கையில் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான். பிரம்மாண்டமான பூச்சி ஒன்றின் முதுகில் கூலி கொடுத்து ஏறிப் போகலாம், காசில்லாவிட்டால் நடக்கலாம். நடக்கிறவன் கிராம எல்லையைத் தாண்டிச் சற்றுத் தூரம் போனதும் ஆகாயத்திலிருந்து ஓர் அலறல் கேட்கிறது. அண்ணாந்து பார்ப்பதற்குள் மந்திரவாதி ஒருவன் கண்ணெதிரே தரையில் விழுந்து உயிரை விடுகிறான். அவன் உடலருகே அவனே எழுதிய குறிப்பும், மனிதனை வானளாவத் தாவச் செய்யும் மந்திரச் சுருள்கள் மூன்றும் கிடக்கின்றன. குறிப்பைப் படித்த பிறகும் ஒரு சுருளைப் பிரித்துப் பார்க்காமல் இருந்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்களோ தெரியாது! தீவில் பாதி கீழே ஓட, மேகத்தினூடே பறந்து போகும் அந்தச் சில விநாடிகளின் ஆனந்தத்தில், தாவுவதற்குத்தான் மந்திரமே தவிர இறங்குவதற்கு இல்லை என்பது மிகத் தாமதமாகப் புத்தியில் உறைக்கிறது. இந்தக் காட்சியைப் போய்ப் பார் என்று விளையாட்டில் எவரும் சொல்வதில்லை. அந்தப் பக்கமாக நடந்தவனுக்கு அது கிடைக்கிறது, பூச்சியின் முதுகில் ஏறிப் போனவனுக்குக் கிடைப்பதில்லை.

அந்தத் தீவில் ஓர் இடத்தைத் தேடிப் போக வேண்டுமானால், யாரையாவது விசாரித்தே ஆகவேண்டும். பாலத்தைத் தாண்டி வடக்கே போ, ஆறு இரண்டாகப் பிரியும் இடத்தில் இடப்பக்கம் திரும்பு, இரட்டைப் பாறைக்குப் பின்னால் குகைவாசல் தெரியும் என்ற தினுசில் பதில் கிடைக்கும்; அது பாத்திரத்தின் நாட்குறிப்பில் பதிவாகும்; அதற்குமேல் உதவி கிடையாது. சில இடங்களில் எழுதியவர்களே திசையை மாற்றி எழுதிவிட்டதும் உண்டு. அப்படி வழி தவறி அலைந்தபோதுதான், தேடிப் போனதைவிட விசேஷமான வேறொன்று அகப்பட்டது என்று அந்த விளையாட்டின் அபிமானிகள் இன்றும் சொல்லக் கேட்கலாம்.

அதே நிறுவனம் 2006-ல் வெளியிட்ட அடுத்த பாகமான ‘ஒப்ளிவியன்’, திரையின் அடியில் ஒரு திசைகாட்டியை வைத்து, போக வேண்டிய இடத்தை அம்புக்குறியால் காட்டிவிட்டது. அதில் உரையாடல் முழுவதும் நடிகர்களின் குரலில் பதிவாகியிருந்தது. நீண்ட வழிக்குறிப்பை எழுதிக் காட்டுவது சுலபம். ஆளை வைத்துப் பேசிப் பதிவு செய்வது செலவு. ஆகவே வழி சொல்லும் வேலை பாத்திரங்களின் வாயிலிருந்து அம்பிடம் போனது என்று நான் அனுமானிக்கிறேன். அம்பு பிடிக்கவில்லையென்றால் அணைத்துவிட்டு ஆடலாமே என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். அணைத்துவிட்டால் மிஞ்சுவது என்ன? அம்பு இருக்கிறது என்ற தைரியத்தில் எழுதப்பட்ட உரையாடலில், அந்தக் குகை ஆற்றுக்கு இக்கரையா அக்கரையா என்பதுகூட இருப்பதில்லை. அம்பைப் பார்த்துக்கொண்டே நடக்கிறவன் மலையைப் பார்ப்பதில்லை. திரையின் அடியில் நகரும் ஒரு சின்னத்தைப் பார்த்தபடி எத்தனையோ கலைஞர்கள் வருஷக்கணக்காக வரைந்த தேசத்தைக் கடந்துபோகிறான்.

வாயால் வழி சொல்லும் கலை தமிழனுக்குப் புதிதன்று. அதற்கென்றே ஆற்றுப்படை என்று ஓர் இலக்கிய வகையை வகுத்தவர்கள் நம் முன்னோர். பத்துப்பாட்டின் கடைசிப் பாட்டும், 583 அடிகளில் பெருங்கௌசிகனார் பாடியதுமான மலைபடுகடாம், நன்னன் என்ற குறுநில மன்னனிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன் ஒருவன், எதிர்ப்பட்ட வறிய கூத்தர் கூட்டத்துக்கு, நன்னனுடைய ஊருக்குப் போகும் மலைவழியைச் சொல்லுவதாக அமைந்தது. வர்ணனை என்று எண்ணிப் பள்ளிக்கூடத்தில் நாம் தாண்டிப்போன அந்தப் பகுதிகள், உண்மையில் மிகுந்த ஜாக்கிரதையோடு சொல்லப்பட்ட பிரயாணக் குறிப்புகள். தினைப்புனத்தை அழிக்க வரும் பன்றிகளுக்காகக் கானவர் வைத்த பொறிகள் வழியில் உண்டு, ஆகையால் இருட்டில் போகாமல் விடிந்தபின் போங்கள். பாம்பு ஒடுங்கிக் கிடக்கும் குழிகளைப் பார்த்துக் காலை வையுங்கள். பரண்மேல் இருப்பவர்கள் யானையை விரட்டக் கவணில் எறியும் கல் உங்கள்மேல் விழக்கூடும், மரங்களின் மறைவில் செல்லுங்கள். பாசி படிந்த வழுக்குப் பாறையில் கொடியைப் பற்றிக்கொண்டு இறங்குங்கள் என்றெல்லாம், முன்னே நடந்து அடிபட்டவனுக்கே தெரியக்கூடிய விவரங்களாக அவன் அடுக்குகிறான். இந்தச் சிற்றூரில் தினைச்சோறும் இறைச்சியும் கிடைக்கும், அந்தக் குடியில் மூங்கிற் குழாயில் முற்றிய தேறல் தருவார்கள் என்ற உபசாரச் செய்திகளும் இடையிடையே வருகின்றன. மலையில் கேட்கும் ஓசைகளுக்கு மட்டும் ஒரு நீண்ட வரிசை இருக்கிறது: தேன் எடுப்பவர்களின் ஆரவாரம், புலி பாய்ந்து புண்பட்ட கணவரின் வேதனை தணியப் பெண்கள் பாடும் பாட்டு, பன்றியை வெருட்டும் பறை, கரும்பு ஆலையின் சத்தம். கண்ணுக்குத் தெரியாத இடத்தைக் காதால் அறிந்து நடப்பது எப்படி என்பதை இன்றைய விளையாட்டு ஆசிரியன் கற்றுக்கொள்ள இதைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

இவை எல்லாவற்றையும்விட என்னைக் கவர்ந்தது வேறொரு சின்னஞ்சிறு புத்திமதி. பாதை கிளை பிரியும் சந்திகளில், நீங்கள் போன வழி இன்னதென்று பின்னால் வரும் புதியவர்களுக்குத் தெரியும்படி, இடத்தைத் துடைத்துவிட்டுப் புல்லை முடிந்து வைத்துவிட்டுப் போங்கள் என்கிறான் அந்தக் கூத்தன். ஆயர் ஈத்தாம் அணைக்கட்டுப் பக்கமாகக் கொடிமலைக் காட்டுப்பாதையில் ஏறிப் பழகியவர்களுக்கு இது புரியும். புல்லுக்குப் பதிலாக ராஃபியா கயிறு, சிவப்பிலோ மஞ்சளிலோ, சந்தி மரத்தின் கிளையில் கட்டப்பட்டிருக்கும். கட்டியவர் சீனரா, மலாய்க்காரரா, தமிழரா என்பது பின்னால் வருகிறவருக்குத் தெரியாது. ஜப்பானியரான ஹிடேடாகா மியாசாகி 2009-ல் ‘டீமன்ஸ் சோல்ஸ்’ என்ற விளையாட்டிலும், பிறகு ‘டார்க் சோல்ஸ்’, ‘எல்டன் ரிங்’ ஆகியவற்றிலும் செய்தது ஏறக்குறைய இதுவே. உலகத்தின் எந்த மூலையிலோ தனியாக ஆடிக்கொண்டிருப்பவர், தாம் அடிபட்ட இடத்தில் தரையில் ஒரு குறிப்பு எழுதிவைக்கலாம். அது வேறொருவருடைய விளையாட்டில் அதே இடத்தில் ஒளிரும். முன்னால் எதிரி பதுங்கியிருக்கிறான் என்று எச்சரிக்கும் குறிப்பும் உண்டு. செங்குத்துப் பாறையின் விளிம்பில் ‘குதித்துப் பார்’ என்று எழுதிவைக்கும் போக்கிரிகளும் உண்டு. எழுதிய குறிப்பை எங்கோ ஒருவர் நல்லதென்று மதிப்பிட்டால், அந்தக் கணத்திலேயே எழுதியவருடைய பாத்திரத்துக்கு உயிர் ஏறுகிறது. தருமம் தலைகாக்கும் என்பதை இவ்வளவு உடனடியாக நிரூபித்த விளையாட்டு வேறு எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

வேலை முடிந்து இரவு ஒன்பது மணிக்கு வீடு வந்து, ஒரு மணி நேரம் ஆடிவிட்டுப் படுக்க நினைப்பவனுக்கு வழி தேடி அலைய ஏது அவகாசம் என்ற ஆட்சேபம் நியாயமானது. கண்பார்வை மங்கியவர்களுக்கும், திசை நிதானம் இயல்பாகவே குறைந்தவர்களுக்கும் அம்பு ஓர் உபகாரம் என்பதையும் மறுக்க மாட்டேன். வேண்டுபவருக்கு அம்பு இருக்கட்டும். ஆனால் ஜனங்கள் அதைத்தான் கேட்கிறார்கள், அது இல்லாவிட்டால் சரக்கு விற்காது என்று வியாபாரிகள் சொல்வதை நம்புவதற்கில்லை. பணிகளின் பட்டியல்கூடத் தராமல், தேசப்படத்தையும் துண்டு துண்டாகத் தேடி எடுக்கும்படி விட்டுவிட்ட ‘எல்டன் ரிங்’, 2022 பிப்ரவரியில் வெளிவந்து ஓராண்டுக்குள் 2 கோடிப் பிரதிகள் விற்றது.

நம் நாட்டில் இத்தகைய விளையாட்டைச் செய்யத் தேவையான கைகள் இல்லாமலில்லை. உலகம் கொண்டாடிய ‘பால்டர்ஸ் கேட் 3’ விளையாட்டை 2023-ல் வெளியிட்ட பெல்ஜிய நிறுவனமான லாரியனுக்குக் கோலாலம்பூரில் ஒரு கிளை உண்டு. ‘டியாப்லோ 2’ புதுப்பொலிவோடு மறுபடி வந்தபோது அதன் சித்திர வேலையில் சிலாங்கூரின் லெமன் ஸ்கை நிறுவனத்துக்குப் பங்கிருந்தது. ஜப்பானில் ‘ஃபைனல் ஃபேண்டசி 15’ உருவான காலத்தில் அதன் வடிவமைப்பில் முக்கிய ஸ்தானம் வகித்த வான் ஹஸ்மர், ஊர் திரும்பிச் சொந்த நிறுவனம் தொடங்கி 2020-ல் ‘நோ ஸ்ட்ரெய்ட் ரோட்ஸ்’ என்ற விளையாட்டைக் கொண்டுவந்தார். தமிழ்க் குடும்பக் கதையும் விளையாட்டாகும் என்பதற்குக் கனடாவில் உருவாகி 2023-ல் வெளிவந்த ‘வெண்பா’ சாட்சி. அது பாத்திரமேற்று ஆடும் வகையைச் சேர்ந்ததன்று. புலம்பெயர்ந்த ஒரு தாயின் சமையலறைக் கதை. ஆயினும் அவள் தன் தாயிடமிருந்து கொண்டுவந்த சமையற் குறிப்பேட்டில் பக்கங்கள் கிழிந்தும் எழுத்து அழிந்தும் இருக்க, விட்டுப்போன படியை ஆடுகிறவரே யோசித்து நிரப்ப வேண்டும் என்று வைத்தார்களே, அந்த ஒரு யோசனையில் நான் மேலே சொன்ன வித்தை முழுவதும் அடங்கியிருக்கிறது. அடுத்த ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு அதற்குச் சிறந்த அறிமுக விளையாட்டு என்ற விருதைக் கொடுத்தது.

யாராவது மலைபடுகடாத்தை விளையாட்டாக்க முன்வந்தால் நலம். யாழும் முழவும் சுமந்த ஒரு கூத்தர் கூட்டமே ஆடுகிறவரின் படை. அரக்கனைக் கொல்வது லட்சியமில்லை, பசியோடு புறப்பட்டு நன்னன் வாசலை அடைவதே லட்சியம். வாள் வீச்சுக்குப் பதில் பாட்டும் கூத்தும் சோறு வாங்கித் தரும். சந்திகளில் புல் முடியலாம். மலையை வரையவும் அருவிக்கு ஓசை சேர்க்கவும் ஆட்கள் கிடைத்துவிடுவார்கள். கிடைக்காதவர், கானவனும் கொடிச்சியும் தத்தம் பேச்சில் வழி சொல்லும்படி நூற்றுக்கணக்கான பக்கங்களைப் பொறுமையாக எழுதக்கூடிய தமிழ் எழுத்தாளர். இந்நாட்டில் அப்படிப்பட்டவர்கள் பெரும்பாலும் பகலில் வேறு உத்தியோகம் பார்த்துக்கொண்டு, இரவில் பத்திரிகைகளுக்கு இலவசமாக எழுதிக்கொண்டிருக்கிறார்கள். விளையாட்டு நிறுவனத்தார் வரவுசெலவுத் திட்டம் போடும்போது, குரல் கொடுக்கும் நடிகர்களுக்கு ஒதுக்கும் தொகைக்கு மேலேயே இவர்களுடைய சம்பளத்தை எழுதிவிடுவது உத்தமம். மாதச் சம்பளமாக, மூன்று வருஷத்துக்கு.