கண்டியைக் காணாத லொக்

உயர்தரத்தில் அளவையியல் படிப்போருக்கு ஜோன் லொக் பழகிய பெயர். பிறக்கும்போது மனம் வெள்ளைத்தாள், அதில் எழுதுவது அனுபவமே என்றவர். லொக், பார்க்லி, ஹியூம் என்று வரிசையாக மனனம் செய்கிறோம். அந்த வரிசையின் ஓரத்தில் நமது கண்டியும் இருப்பது எனக்கு இவ்வருடம்தான் தெரியவந்தது.

1660 இல் கொட்டியாரத்தில் பிடிபட்ட ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், 19 வருடங்களுக்கு மேல் கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்தார். எலதெத்தவில் வீடு கட்டி, தொப்பி பின்னி விற்றுச் சீவித்தார். தப்பிச் சென்று 1681 இல் இலங்கை பற்றிப் புத்தகம் வெளியிட்டார். எதேச்சாதிகார மன்னராட்சியின் இலட்சணத்துக்கு உதாரணமாக அந்தப் புத்தகத்தைத்தான் லொக் தமது அரசியல் நூலில் காட்டுகிறார்.

லொக் இங்கே வந்ததில்லை. இரண்டாம் இராஜசிங்கனைக் கண்டதுமில்லை. அனுபவமே அறிவின் ஊற்று என்றவர் நம்மூரை அறிந்தது இன்னொருவர் சொல்லால்! இது அவர் பிழையல்ல. அனுபவவாதத்தை 'கண்ணால் கண்டதை மட்டும் நம்பு' என்று சுருக்கிப் படிப்பதே நம் பிழை. அவரே ஒரு கதை சொல்கிறார்: குளிரில் தண்ணீர் யானையைத் தாங்குமளவு இறுகும் என்ற ஒல்லாந்துத் தூதுவரைச் சீயத்து அரசர் பொய்யர் என்றாராம். (பெரஹெர யானை கண்டி வாவியின் மேல் நடக்கும் என்றால் நாம் மட்டும் நம்புவோமா?) ஆகவே சாட்சியை நிறுத்துப் பார்க்கச் சொல்கிறார்: சொன்னவர்கள் எத்தனை பேர், நேர்மையானவர்களா, அவர்களின் நோக்கம் என்ன, மறுப்போர் உண்டா? இஸ்லாம் பாடத்தில் ஹதீஸ் அறிவிப்பாளர் தொடரைப் படித்த நமக்கு இவை புதிய கேள்விகளல்ல. நமது அறிஞர்கள் பல நூற்றாண்டுகள் முந்தியே கேட்டவை.

வகுப்பில் இந்தப் பகுதிக்கே அதிக நேரம் வேண்டும் என்பேன். 2018 இல் அம்பாறையில், சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலந்ததாக ஒரு பேச்சுக் கிளம்பியது. அப்படியொரு மாத்திரையே உலகில் இல்லை. சில நாட்களில், ஒரு லொறிச் சாரதி தாக்கப்பட்டு இறந்ததைத் தொடர்ந்து, திகனவில் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. முகநூலில் பரவியவை நெருப்புக்கு எண்ணெயாயின. அரசாங்கம் அதைச் சில நாட்கள் முடக்கவே வேண்டியிருந்தது. நான் அப்போது ஆரம்பப் பிரிவு மாணவி. உம்மா விளக்கை அணைத்துவிட்டு எங்களைப் பேசாமல் இருக்கச் சொன்னது நினைவிருக்கிறது.

அதே உம்மாதான் இன்று குடும்ப வட்ஸ்அப் குழுவில் வருவதை வாசித்து முடிக்குமுன்பே அடுத்த குழுவுக்கு அனுப்புகிறார். (இதை வாசித்தால் மன்னிக்கட்டும்.) யார் சொன்னது உம்மா என்று கேட்டால், "குறூப்பில வந்திச்சி" என்கிறார்.